ரோலர் சுற்றும் வரை

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் நாளைக்கே யாராவது கோபித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பின்பக்கம், ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டி அடித்த அறையில், ஐந்து வருடமாக ஒரு ராக் இசைக்குழு இருந்தது என்றால் தோட்டத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "எந்த ரூம்ல?" என்று கேட்பார்கள். அவ்வளவு கமுக்கமாக நடந்த காரியம் அது. குழுவின் பெயர் அட்டைக்கடி. மழை நாளில் மலைக்குப் போய்விட்டுக் காலில் இரத்தம் ஒழுக வீடு வரும் தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவன் ஒருவன் வைத்த பெயர், வேறெப்படி இருக்கும்?

பெயர் வைத்தவன் கிரிஷாந்தன். டிரம்ஸ் அவன்தான். ஆறு நாள் தொழிற்சாலையில் ரோலர் பக்கம் வேலை, ஏழாவது நாள் பெட்டி அறையில் டிரம்ஸ். ரோலர் என்றால், வாடிய கொழுந்தை உருட்டிப் பிழியும் இயந்திரம். ஆள் உயரத்துக்கு ஒரு வட்டத் தொட்டி, பித்தளை மேசையின் மேல் அரைத்து அரைத்து சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நின்று பேசினால் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அந்தச் சத்தத்தைக் கிரிஷாந்தன் வேலை நாளில் திட்டுவான், ஞாயிற்றுக்கிழமை கும்பிடுவான்.

கும்பிடக் காரணம் இருந்தது. சனிக்கிழமை பறித்த கொழுந்து ஞாயிறு காலையில்தான் ரோலருக்கு வரும். லயத்து வரிசை வீடுகளின் சனம் கோயிலுக்கும் கடைக்கும் போயிருக்கிற நேரம். பெட்டி அறைச் சுவரை ஒட்டி நின்ற பெரிய ரோலர் ஓடத் தொடங்கினால், சுவருக்கு இந்தப் பக்கம் யானையே பிளிறினாலும் வெளியே கேட்காது. அறைச் சாவியைத் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கெஞ்சி வாங்கித் தந்தது கிரிஷாந்தனின் அம்மா பூவம்மா. அதே தொழிற்சாலையில், தோட்டத்தார் பேச்சில் ஸ்டோரில், தேயிலை சலிக்கிறவள். சாவியோடு ஒரு சட்டமும் சேர்த்துத் தந்தாள்.

"ஸ்டோருல ரோலர் சுத்துறப்ப மட்டும் அடிங்க. நின்னுச்சுன்னா கையைக் கட்டிக்கிட்டு ஒக்காரணும். ஒரு சத்தம் வெளிய வந்துச்சு, எனக்கும் வேலை போயிரும், டீமேக்கரையாவுக்கும் போயிரும். புரியுதா?"

புரிந்தது. ஐந்து வருடம் அந்தச் சட்டத்தை அவர்கள் மீறவில்லை. ரோலர் சுற்றத் தொடங்கும், வேகம் பிடிக்கும், கிரிஷாந்தன் குச்சிகளைத் தூக்குவான். கொழுந்து இறக்க ரோலரை நிறுத்தும்போது பாட்டும் நிற்கும். பாட்டெல்லாம் அந்த அளவுக்குள் அடங்குகிற மாதிரியே கட்டினார்கள். ஊர் உலகத்தில் எந்த இசைக்குழுவும் கொழுந்து வரவைப் பார்த்துப் பயிற்சி வைத்திருக்காது. இவர்கள் வைத்தார்கள். மழை பெய்யாத மாதங்களில், கொழுந்து இல்லாததால் அட்டைக்கடியும் இல்லை.

மற்ற இருவரும் பட்டணத்துக்காரர்கள். றிஸாத் கிட்டார் வாசிப்பான், பாடுவான். பதுளைக் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருக்கும் ஜாபிர் ஹாஜியாரின் மகன். கிட்டார் என்ற சொல்லே அந்த வீட்டு வாசலுக்குள் போகாது. ஆகவே கிட்டார் நிரந்தரமாகப் பூவம்மாவின் கட்டிலுக்குக் கீழே குடியிருந்தது. ஸியாம் ஹாலிஎலயில் போன் திருத்தும் கடை போட்டிருந்தான். பேஸ் கிட்டார் அவன் பொறுப்பு. அதைவிடப் பெரிய பொறுப்பு, பாட்டைப் பதிவு செய்து சுத்தம் பண்ணுவது. பதிவில் பாதி ரோலர் சத்தம்தான் இருக்கும். ஸியாம் கணினியில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவது போல் அந்தச் சத்தத்தைப் பொறுக்கி எடுப்பான். அதில் அவனுக்குத் தனிப் பெருமை.

"ஒரு துளி ஸ்டோர் சத்தம் காட்டு பாப்பம், என் கடையை ஒனக்கு எழுதித் தாரேன்" என்பான்.

முகம் காட்டாமல் அவர்கள் இணையத்தில் போட்ட பாட்டுகளில் ஒன்று பிடித்துக்கொண்டது. அட்டைப் பாட்டு. "உப்பு கொண்டா, உப்பு கொண்டா, காலில ஏறுது" என்று றிஸாத் தொண்டை கிழியக் கத்துவான். அந்தப் பாட்டின் தாளத்தில் ஒரு நொண்டல் இருந்தது. நேராகப் போய்க்கொண்டே இருக்கும், ஒரு இடத்தில் மட்டும் தயங்கி, தடக்கென்று விழுந்து எழும். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த இடம்தான் பைத்தியம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், "இந்த டிரம்ஸ்காரர் மனுசனா மெசினா?" என்று கேட்டு எழுதியிருந்தார். கிரிஷாந்தன் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். அன்றிரவு சாப்பாட்டுக்கு அவன் கோப்பையில் இரண்டு முட்டை விழுந்தன.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அகீலா என்றொரு பெண், இந்த மாதிரி மறைவாக இயங்கும் இசைக்குழுக்களைக் கூட்டி வருடத்துக்கு இரண்டு தடவை மேடை போட்டுக் கொடுப்பவள். றிஸாத்தும் ஸியாமும் ஆளுக்கொரு பொய்யை வீட்டில் சொல்லிவிட்டு வர, மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். பூவம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் காவலான ரோதைமுனிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகச் சொன்னாள். மகன் கேட்கவில்லை.

"கொழும்புல போயி அடிக்கிறதுக்கு ரோதைமுனி எதுக்கும்மா? அவரு ஸ்டோரை விட்டு வெளிய வர மாட்டாரு" என்று சிரித்தான்.

மேடையில் நல்ல டிரம்ஸ் இருந்தது. அவனுடையதைப் போல் ஒட்டுப் போட்டது அல்ல. விளக்கு அணைந்தது, கூட்டம் கத்தியது, பிறகு அடங்கியது. கிரிஷாந்தன் குச்சிகளைத் தூக்கினான். தூக்கியபடியே உட்கார்ந்திருந்தான். றிஸாத் திரும்பிப் பார்த்தான். ஸியாம் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"என்னடா, தொடங்கு!" என்றான் றிஸாத் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போதுதான் தான் காத்துக்கொண்டிருப்பது கிரிஷாந்தனுக்கே உறைத்தது. எதற்காகக் காத்திருக்கிறான் என்பது உறைக்கவில்லை. அவசரமாகத் தொடங்கினான். முதல் நான்கு அடி சரி. பிறகு பாட்டு காலுக்குக் கீழே வழுக்கத் தொடங்கியது. வேகம் கூடுவது அவனுக்கே தெரிந்தது, இழுத்துப் பிடித்தான், இழுத்ததில் அளவுக்கு மிஞ்சிக் குறைந்தது. எல்லாரும் காத்திருந்த அந்த நொண்டும் இடம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் விழுந்தது. றிஸாத் அவனைத் துரத்தினான், ஸியாம் இருவரையும் துரத்தினான். பாட்டை மூன்று பேரும் மூன்று நேரத்தில் முடித்தார்கள்.

கூட்டம் கை தட்டியது. பாவம் பார்த்துத் தட்டுகிற கை எப்படி இருக்கும் என்று அதை வாங்கியவனுக்குத் தெரியும். கிரிஷாந்தனுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அகீலா நல்லவள், ஏசவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. "பாட்டு அருமை. ஆனா தாளம் நிக்கல்ல. வருஷக் கடைசியில இன்னொரு மேடை இருக்கு, ஒங்களுக்கு இடம் வைக்கிறேன். அதுக்குள்ள டிரம்ஸைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றாள். டிரம்ஸை என்றுதான் சொன்னாள். டிரம்ஸ்காரனை என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பெட்டி அறையில் மூவரும் கூடினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ரோலர் வேகம் பிடித்தது. கிரிஷாந்தன் குச்சியைத் தூக்கினான், அடித்தான். ஒரு பிசகும் இல்லை. நொண்டும் இடம் பிறந்த இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.

"பயம்தான்டா மச்சான், வேற ஒன்னுமில்ல" என்று றிஸாத் அவன் முதுகில் தட்டினான்.

கிரிஷாந்தனுக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவே ரோலரை நிறுத்தினார்கள். சட்டப்படி அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டவில்லை. குச்சியை மெதுவாக்கி, டிரம்ஸின் விளிம்பில் மட்டும் தட்டிக்கொண்டே போனான். கொஞ்ச நேரம்தான். கொழும்பில் வழுக்கியது போலவே வழுக்கியது. ஸியாம் பேஸ் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான். எழுந்து போய்ச் சுவரில் கை வைத்தான்.

"மச்சான், இவ்வளவு நாளும் தாளம் போட்டது நீ இல்லடா. அது" என்றான்.

ரோலர் மறுபடியும் சுற்றத் தொடங்கியது. இப்போது மூவருக்கும் காது திறந்துவிட்டது. ஒரு சுற்றில் ஒரு இடத்தில் தயங்கி, தடக்கென்று விழுந்து எழுந்து போனது ரோலர். அதன் கைகளில் ஒன்று எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. அதை மாற்றச் சொல்லி டீமேக்கர் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தார். யாழ்ப்பாணத்தார் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அந்த நொண்டல் தரை வழியாக வந்து, நாற்காலிக் கால் வழியாக ஏறி, இடுப்பில் தட்டி, கிரிஷாந்தனின் கைக்குப் போயிருக்கிறது. தன் தாளமென்று அவன் ஐந்து வருடம் நம்பியது ரோலரின் தாளம்; அவனுடையது கை மட்டும்தான்.

மனிதன் சும்மா விடுவானா? ஸியாம் உடனே வழி சொன்னான். "இதில என்னடா இருக்கு? ரோலர் சத்தத்தைப் பதிஞ்சு ஒன் காதில போட்டுருவம். மேடையில அதைக் கேட்டுக்கிட்டே அடி. அடுத்த ஞாயித்துக்கிழமை நல்ல மைக் ஒன்னு கொண்டு வாறேன்."

அப்பாடா என்றிருந்தது கிரிஷாந்தனுக்கு. அந்தக் கிழமை முழுக்க வேலையில் ரோலருக்குப் பக்கத்தில் நின்று, புது மாப்பிள்ளை போல் அதைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலை பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கங்காணி ஒரு செய்தி சொன்னார். உரம் வராத வருடங்களில் செடி கெட்டு, கொழுந்து பாதியாகிவிட்டது. இனி இந்தத் தொழிற்சாலையை ஓட்டிக் கட்டுப்படியாகாது. இன்றிலிருந்து கொழுந்து லொறியில் வேறு தொழிற்சாலைக்குப் போகும். ஸ்டோர் ஆட்களுக்கு மலையில் வேலை.

"இன்னையிலிருந்தேவாங்க?" என்று கேட்டான் கிரிஷாந்தன்.

"ஆமாப்பா. நேத்துக் கொழுந்தை விடியக் காலையிலேயே உருட்டி முடிச்சாச்சு. இன்னைக்கே மோட்டரைக் கழட்டுறாங்க."

அவன் ஓடினான். ஓடிப் போய்ப் பார்க்கும்போது மோட்டர் பட்டி அவிழ்ந்து தரையில் கிடந்தது. ரோலர் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றது. பக்கத்தில் நின்று ஒருவர் இருமியது தெளிவாகக் கேட்டது. அந்த அறையில் இருமல் சத்தத்தை அவன் கேட்டது அன்றுதான்.

ஸியாமுக்கு அழைத்தான். "பழைய பதிவு இருக்குல்ல? அதுல ரோலர் இருக்குமே?"

அந்தப் பக்கம் ஸியாம் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். பிறகு, "எல்லாத்திலயும் சுத்தமா எடுத்துட்டேன் மச்சான். சுத்தம் பண்ணாததை அழிச்சுட்டேன். இடம் பத்தல்ல" என்றான். ஒரு துளி கூட மிஞ்சாமல் எடுக்கத் தெரிந்த தன் கெட்டித்தனத்தை அவன் அன்று சபித்திருப்பான்.

பிறகு நடந்ததையெல்லாம் சொல்லி உங்களை வருத்துவானேன். பூனாகலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சித்தப்பா மகன் வேலை செய்தான். அங்கே போய் ரோலருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தான் கிரிஷாந்தன். அது வேறு வேகம், நொண்டலே இல்லாத நடை. யாரோ ஊர் பெயர் தெரியாத ஆளோடு நடப்பது போல் இருந்தது. ஸியாம் போனில் டிக் டிக் என்று தாளம் சொல்லும் செயலியைப் போட்டுக் கொடுத்தான். அது காதில் விக்கல் மாதிரி விழுந்தது. டிக்குக்கு அடித்தால் நொண்டல் போய்விடும், நொண்டலைப் பிடித்தால் டிக் போய்விடும். பகலெல்லாம் மலையில் புல்லு வெட்டிவிட்டு வந்து, லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், தலையணையை மடியில் வைத்து அடித்தான். பக்கத்துக் காம்பிராக்காரர்கள் சுவரில் குத்தினார்கள். அவர்கள் குத்தியதாவது தாளத்தோடு இருந்தது என்று அவனே சொல்லிச் சிரித்தான். சிரித்து முடித்ததும் முகத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டான்.

பூவம்மா அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். மூடிக் கிடந்த தொழிற்சாலை வாசலுக்குப் போய், ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். மகனிடம் அதைச் சொல்லவில்லை.

வருடக் கடைசி நெருங்கியது. ஒரு நாள் றிஸாத் அவனை ஹாலிஎலப் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடைக்கு வரச் சொன்னான். இரண்டு பிளேன்டீ வந்தது. றிஸாத் மழையைப் பற்றிப் பேசினான். வாப்பாவின் சீனி வியாதியைப் பற்றிப் பேசினான். தேநீர் ஆறிக்கொண்டே இருந்தது.

"வேற ஆள் பாத்துட்டீங்களா?" என்றான் கிரிஷாந்தன்.

றிஸாத் தலையைக் குனிந்துகொண்டான். "பண்டாரவளையில பர்ஹான்னு ஒருத்தன். நல்லா அடிக்கிறான். ஒன்னை விட்டுட்டுப் போக மனசு வரல்லடா. ஆனா இந்த மேடையும் போச்சுன்னா வேற இல்ல. நாளைக்கு வாப்பா என்னைக் கடையில ஒக்கார வச்சுருவாரு. எனக்கு இது ஒன்னுதான்டா மிச்சம்."

கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தான் கிரிஷாந்தன். யாரைக் கோபிப்பது? றிஸாத் பொய் சொல்லவில்லை. ஸியாம் துரோகம் செய்யவில்லை. கொழுந்து குறைந்ததற்கு யார் மேல் போய் விழுவது? இவ்வளவு பெரிய அநியாயத்துக்கு, கை நீட்டிக் காட்ட ஒரு முகம்கூட இல்லாமல் போயிற்று.

"போயிட்டு வாங்கடா" என்றான். "பேரை மாத்திறாதீங்க. அட்டைக்கடின்னே இருக்கட்டும்."

மேடைக்கு முந்திய கிழமை இரும்புக்காரர்கள் ரோலர் வாங்க வந்தார்கள். தூக்கி லொறியில் ஏற்றத் தோட்டத்திலிருந்து ஆள் கேட்டார்கள். கங்காணி கிரிஷாந்தன் பெயரையும் கொடுத்துவிட்டார். அன்று பார்த்து றிஸாத்தும் ஸியாமும் பர்ஹானைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பர்ஹான் மரியாதையான பையன். கிரிஷாந்தனுக்குச் சமமான வயது, ஆனாலும் அண்ணன் என்றான்.

"பாட்டு முழுக்கப் பிடிச்சுட்டேன் அண்ணன். அந்தத் தயங்குற எடம் மட்டும் சரியா வருகுதில்ல. கேட்டுக் கேட்டுப் பாத்தேன், எனக்குப் புரியல்ல. நீங்க காட்டித் தரணும்."

தன் நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்கு, உட்காரும் விதத்தையும் தானே காட்ட வேண்டும். கிரிஷாந்தன் ஒரு நிமிடம் அவனைப் பார்த்தான். பிறகு, "வாங்க" என்று உள்ளே கூட்டிப் போனான்.

இரும்புக்காரர்கள் வெளியே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கிரிஷாந்தனும் றிஸாத்தும் ஸியாமும் ரோலர் தொட்டியில் கை வைத்துத் தள்ளினார்கள். முதலில் அசையவில்லை. பிறகு முனகிக்கொண்டு நகர்ந்தது. பழைய வேகத்தில் கால்வாசி கூட இல்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் தயங்கியது. தடக்கென்று விழுந்து எழுந்து போனது.

"இங்க பாத்தீங்களா?" என்றான் கிரிஷாந்தன் மூச்சு வாங்க. "இந்த எடத்துல யோசிக்கும். யோசிச்சுட்டு விழும்."

இன்னொரு சுற்றுத் தள்ளினார்கள். இன்னொன்று. பர்ஹான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவன் விரல்கள் தொடையில் அசைந்தன. பிறகு கண்ணைத் திறந்து, "விளங்கிட்டு அண்ணன்!" என்றான். பக்கத்தில் கிடந்த தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கையாலும் தட்டத் தொடங்கினான். பாட்டின் உண்மையான வேகத்தில், ஒரு பிசகு இல்லாமல், நொண்டும் இடம் நொண்டும் இடத்திலேயே விழ. றிஸாத்தின் முகம் மலர்ந்தது. நண்பன் நிற்பது ஞாபகம் வந்து உடனே சுருங்கியது.

கிரிஷாந்தன் அதைக் கவனிக்கவில்லை. ரோலரை விட்டுவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். அவன் கையும் தானாகப் பெட்டியின் மறு ஓரத்தில் தட்டத் தொடங்கியிருந்தது. சரியாக விழுந்தது. மாதக்கணக்காக எங்கே போயிற்றென்று தேடிய தாளம் தோள் வழியாக இறங்கி விரலுக்கு வந்தது. ஒவ்வொரு அடியும் விழுந்தது, நொண்டல் விழுந்தது. மூடிக் கிடந்த தொழிற்சாலைக்குள் இருவரும் சேர்ந்து அட்டைப் பாட்டை அடித்தார்கள். ஸியாம் அழுதுவிட்டான். "வந்துருச்சுடா மச்சான், ஒனக்கு வந்துருச்சு!" என்று கத்தினான். கிரிஷாந்தன் சிரித்தான். அந்த நேரம் அவனும் அப்படித்தான் நம்பினான்.

வெளியே இரும்புக்காரர்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கத் திரும்பிய பர்ஹான் தட்டுவதை நிறுத்தினான்.

கிரிஷாந்தன் தனியாக இன்னும் நான்கு அடி அடித்தான். ஐந்தாவது எங்கே விழ வேண்டும் என்று தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டான்.